சத்தம் போடும் சொந்தக்காரி

என்னைப் பற்றி நானே பெருமையாகப் பேசுவேன். அதில் எனக்கு வெட்கமே கிடையாது. முப்பது வருடத்துக்கு மேல் மலேசியாவில், கிள்ளானில், பிரசவ அறையில் நர்ஸாக நின்றவள் நான். மிஸ்ஸி சீதாலெட்சுமி என்றால் பாதிக் கிள்ளானுக்குத் தெரியும். மீதிப் பாதி என் கையில்தான் பிறந்தது. பிறந்த அன்று யாருக்குத்தான் ஆள் அடையாளம் தெரியும்? பேச்சில் கொஞ்சம் காரம் உண்டு. வலியில் கத்துகிற பெண்ணிடம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவளைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்கிற கூட்டத்திடம்தான் என் வாய் நீளும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என் வீட்டுக்காரர் வாசு, "இனிமேலாச்சும் வீட்ல உக்காரு லா" என்றார். அவர் ரயில்வேயில் கேட்டு போட்டவர், ரயில் வந்தால் ரோட்டை அடைத்துத் திறக்கிற வேலை. எனக்கு முன்பே ஓய்வு பெற்றுப் பத்திரிகையும் தே தாரிக் டீயுமாகச் சுகமாக இருந்தார். நானும் உட்கார்ந்துதான் பார்த்தேன். வீட்டில் இருந்த டப்பா எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்தாயிற்று. அடுத்து வாசுவைத்தான் கழுவ வேண்டும் என்ற நிலையில், பிரிக்பீல்ட்ஸிலிருந்து டாக்டர் ராதாகிருஷ்ணன் போன் செய்தார்.

அவர் மகப்பேறு மருத்துவர். நானும் அவரும் ஒரே ஆஸ்பத்திரியில் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். அவரோடு நாலைந்து டாக்டர்கள், சில நர்ஸுகள். சொந்த லீவில், சொந்தச் செலவில், வசதி குறைந்த நாடுகளுக்குப் போய் அங்கே இருக்கும் டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் பயிற்சி கொடுத்துவிட்டு வருவார்கள்.

"வைத்தியம் பாக்கப் போகல மிஸ்ஸி. சொல்லிக் குடுக்கப் போறோம்" என்றார். "நாம போயி பத்துப் பிரசவம் பாத்தா பத்துப் பேருக்குத்தான் நல்லது. அங்க உள்ளவங்களுக்குக் கத்துக் குடுத்தா, நாம திரும்பி வந்த பிறகும் அது நடந்துக்கிட்டே இருக்கும்ல?"

"எந்த ஊரு?"

"நேப்பாளம். மலை மேல."

"குளிருமா?"

"நீங்க வந்தா குளிராது" என்றார். கொழுப்பு!

அப்படித்தான் அந்த மலை மாவட்டத்துக்குப் போனேன். ஒரு முறை இல்லை, கிட்டத்தட்ட வருடா வருடம். சின்ன ஆஸ்பத்திரி. பிரசவ அறையில் இரண்டே கட்டில். டாக்டர் யாராவது வருவார், சில மாதத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். நின்று தாங்குவது நர்ஸுகள்தான். எல்லாம் சின்னப் பெண்கள். கெட்டிக்காரிகள். ஆனால் குழந்தை பிறந்த பிறகு தாய்க்கு நிற்காமல் ரத்தம் போக ஆரம்பித்தால், பாவம், கை உறைந்துபோய் நிற்பார்கள். அப்படிக் கண்ணெதிரே செத்த பெண்கள் அங்கே நிறைய.

எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். அதைப் பழக்க, கிள்ளான் கடைத்தெருவில் மலிவு விலையில் பாத்தேக் கைலி வாங்கிக்கொண்டு போய், சிவப்பு சிராப்பைத் தண்ணீரில் கலந்து அதில் ஊற்றினேன். இவ்வளவு நனைந்தால் இவ்வளவு ரத்தம், இதற்கு மேல் போனால் ஆபத்து என்று காட்டினேன். ரோஸ் வாசனை அடிக்கிற சர்க்கரைப் பாகு அது. மறுநாள் காலை பயிற்சி அறையைத் திறந்தால், மலையில் உள்ள எறும்பெல்லாம் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது! மலேசியாக்காரி மூளை அப்படித்தான் வேலை செய்யும். அடுத்த வருடம் சாயப்பொடி கொண்டுபோனேன்.

ஆணுறையும் வாங்கிப் போனோம். சிரிக்காதீர்கள். பெரிய வசதி இல்லாத இடத்தில் அது உயிர் காக்கிற சாமான். அதை ஒரு ரப்பர் குழாயின் நுனியில் கட்டி, கர்ப்பப்பைக்குள் வைத்து, உப்பு நீர் ஏற்றினால் பலூன் மாதிரி உப்பி உள்ளிருந்தே அழுத்தி ரத்தத்தை நிறுத்தும். எல்லா மருந்தும் கைவிட்ட பிறகு அதுதான் கதி. அதற்காக ஒரு தடவை மருந்துக்கடையில் பெட்டி பெட்டியாக எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் யார் என்று பார்த்தால், எங்கள் பக்கத்து வீட்டு புஷ்பவல்லி.

"என்னக்கா, வாசு அண்ணனுக்கு ரிட்டயர்மென்ட் நல்லாப் போகுது போல?"

"வாய மூடுடி. இது நேப்பாளத்துக்கு."

"நேப்பாளத்துக்கா? அங்க யாருக்கா?"

கல்லாவில் இருந்த பெண் பில் போடுவதை விட்டுவிட்டுச் சிரித்தாள். நான் அங்கேயே நின்று கர்ப்பப்பை, பலூன், உப்பு நீர் என்று உரத்த குரலில் ஒரு வகுப்பு எடுத்தேன். வரிசையில் நின்ற ஒரு சீனக் கிழவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். புஷ்பவல்லி மட்டும் விடவில்லை. "எல்லாம் சரிக்கா. ஒரு வாரம் போயி சொல்லிக் குடுத்து, போட்டோ புடிச்சிட்டு வரீங்க. நீங்க பிளேன் ஏறுனதும் அதுங்க எல்லாத்தையும் மறந்துருங்க. பாருங்க" என்றாள்.

அந்தப் பேச்சு எனக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. ஏனென்றால் அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

பயிற்சியில் எனக்கு ஒரு வேஷம் உண்டு. அதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று டாக்டரே சொல்வார். ரப்பர் பொம்மையைக் கட்டிலில் கிடத்தி, ரத்தம் போவதாக வைத்துக்கொண்டு நர்ஸுகள் அதைக் கவனிக்க வேண்டும். அப்போது நான் சத்தம் போடும் சொந்தக்காரி. மாமியாராகவோ அத்தையாகவோ கட்டிலுக்குக் குறுக்கே விழுந்து, "ஐயையோ, சாகடிக்கிறாங்களே! டாக்டரக் கூப்பிடு! தண்ணி குடு! ஊசி போடாதே!" என்று போனை ஆட்டிக்கொண்டு அலறுவேன். தமிழில்தான் அலறுவேன். அலறலுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. நர்ஸுகளின் வேலை, என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு வேலையைத் தொடர்வது.

அதுதான் அவர்களால் முடியவில்லை. சொல்லிக் கொடுக்க வந்தவள், வயதில் மூத்தவள், விருந்தாளி வேறு. எப்படித் தொட்டுத் தள்ளுவது? கைகூப்பி, "ப்ளீஸ் மேடம், ப்ளீஸ் மேடம்" என்று என் பின்னாலேயே சுற்றினார்கள். அதற்குள் பொம்மை செத்துவிட்டது. எனக்கு வந்ததே கோபம்! "என்னைக் கும்பிடாதீங்க! தள்ளுங்க! ஒரு உயிர் போய்க்கிட்டு இருக்கும்போது, கையில வேலை இல்லாத ஆளு மகாராணியா இருந்தாலும் கதவுக்கு வெளியே!" என்று இங்கிலீஷில் பொரிந்து தள்ளினேன்.

கல்பனா என்று ஒரு பெண். கன்னம் சிவந்த, அதிகம் பேசாத பெண். அடுத்த முறை நான் அலறியதும் வந்து இரண்டு தோளையும் பிடித்தாள், ஒரே தள்ளு. வராந்தாவில் போய் விழாத குறை. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. நான் அந்த மூடிய கதவுக்கு முன்னால் நின்று கைதட்டினேன். டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைப் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பி வைத்தார்.

இனி லோகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பு வாசலில் காவல் நிற்கும் ஜாகா அவன். முழுப்பெயர் லோகேந்திரா. நேப்பாளி. குடியிருப்பில் பாதித் தமிழர்கள் என்பதால் அவனை லோகா ஆக்கிவிட்டோம். எனக்கும் அவனுக்கும் பேச மலாய்தான். "உங்க ஊருக்குப் போய் வந்தேன், தெரியுமா?" என்று ஒரு நாள் பெருமையாக ஆரம்பித்தேன். எந்த இடம் என்று கேட்டான். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது.

"அது எங்க கிராமத்துக்குக் கீழே இருக்கிற ஆஸ்பத்திரி, மேடம்" என்றான். "என் அண்ணி அங்கதான் செத்தாங்க. பிரசவத்துல. ரத்தம் நிக்கல."

நான் போவதற்குப் பல வருடம் முன்னால் நடந்தது அது. அவன் போண்டோக்கின் வாசலிலேயே நின்றேன். ஒரு நாற்காலியும் மேசை விசிறியும் மட்டும் கொள்ளும் சின்னக் காவல் கூண்டு அந்தப் போண்டோக். உள்ளே சுவரில் அவன் மனைவி சுஷ்மாவின் படம் ஒட்டியிருந்தது.

தசைன் பண்டிகைக்கு ஊருக்குப் போய் வந்தவன், சில மாதம் கழித்துச் சுஷ்மா உண்டாகியிருப்பதாகச் சொன்னான். இரண்டாவது குழந்தை. பிரசவம் நல்ல மழைக்காலத்தில் வருகிறது. மாதம் நெருங்கும்போது அவளை நகரத்துக்கு அனுப்பிவிடப் போவதாகச் சொன்னான். மலைப்பாதையில் பகல் முழுக்க பஸ். அந்தப் பாதையை நான் பார்த்திருக்கிறேன். மழையில் பாதி ரோடு சரிந்து ஆற்றில் கிடக்கும். நிறைமாதக்காரியை அதில் ஏற்றினால், வழியில் வலி வந்தால் கேட்பாரில்லை.

"வேணாம் லோகா. உங்க ஊரு ஆஸ்பத்திரியிலேயே சேர்" என்றேன்.

"அங்கயா மேடம்?"

"ஆமா, அங்கதான். அது பழைய ஆஸ்பத்திரி இல்ல. அங்க இருக்கிற ஒவ்வொரு நர்ஸும் நான் சொல்லிக் குடுத்த பிள்ளை. ரத்தம் போனா என்ன செய்யணும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வாங்க. என்னை நம்பு. என் பொறுப்பு."

என் பொறுப்பு! சொல்லும்போது வாய் எவ்வளவு லேசாகச் சொல்லிவிடுகிறது. லோகா, "சரி மேடம். நீங்க சொன்னா சரி" என்றான். டாக்டர் ராதாகிருஷ்ணனிடம் கேட்டேன். அந்தப் பாதையில் போவதைவிட இதுதான் சரி என்று அவரும் சொன்னார். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஜூலையில் ஒரு நாள் காலை லோகா இண்டர்காமில் கூப்பிட்டான். வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, சுஷ்மாவின் தங்கை கூட இருக்கிறாள் என்றான். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானச் சாப்பாட்டை அரைகுறையாக முடித்துவிட்டுக் கீழே இறங்கிப் போண்டோக்கில் போய் நின்றுகொண்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. டீ நேரம் நெருங்கும்போது அவன் போன் அடித்தது. வீடியோ கால்.

"மேடம்! பொண்ணு! பொண்ணு பொறந்திருச்சு!"

போனில் துணிச்சுருளுக்குள் ஒரு குட்டி முகம். வாயைத் திறந்து வீரிட்டது. நல்ல அழுகை, நல்ல நிறம். "அடி என் தங்கம்!" என்று நானும் கத்தினேன். லோகா அழுதுகொண்டே சிரித்தான். மைத்துனி போனைத் திருப்பி அக்காவைக் காட்டினாள்.

சுஷ்மாவின் முகத்தைப் பார்த்தேன். உதட்டில் ரத்தமே இல்லை. கண் செருகிக்கொண்டிருந்தது. மைத்துனியின் கையில் போன் கொஞ்சம் கீழே சாய்ந்தது. கட்டில் விரிப்பு தெரிந்தது. எத்தனை கைலியை நனைத்துக் காட்டியிருப்பேன்! அந்தச் சிவப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா?

"ரத்தம்! ரத்தம் போகுது! வயித்தை அமுக்கிப் பிடி! ஊசி எங்க? யாரு இருக்கா அங்க? டாக்டரக் கூப்பிடு!" என்று கத்த ஆரம்பித்தேன். தமிழில் கத்தினேன், இங்கிலீஷில் கத்தினேன், மலாயில் கத்தினேன். லோகா ஒன்றும் புரியாமல் அதையெல்லாம் நேப்பாளியில் கத்தினான். அந்தப் பக்கம் மைத்துனி போனைக் கட்டிலுக்கு மேலேயே நீட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

திரையில் ஒரு முகம் வந்தது. தொப்பியும் முகக்கவசமும் போட்ட முகம். கண் மட்டும்தான் தெரிந்தது. கல்பனா! கண்ணைப் பார்த்ததுமே கண்டுகொண்டேன். எனக்கு உயிர் வந்தது. "நான்தான்! கேளு, நான் சொல்றேன்..." என்று ஆரம்பித்தேன்.

"மேடம், எங்களுக்குத் தெரியும். வெளியே இருங்க" என்றாள் அவள், இங்கிலீஷில். குரலை உயர்த்தவே இல்லை. அடுத்த நொடி படம் சுழன்றது. வராந்தாக் கூரை தெரிந்தது. கதவு சாத்தும் சத்தம், தாழ்ப்பாள் சத்தம். பிறகு லைன் கட்டானது.

என்னையா! முப்பது வருடம் பிரசவ அறையில் நின்ற என்னையா வெளியே போகச் சொன்னாள்! கோபத்தில் காது சுட்டது. லோகாவைத் திரும்பத் திரும்பப் போன் போட வைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"மேடம், என்ன ஆச்சு?" என்றான் லோகா.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "சுஷ்மாவுக்கு ரத்தம் போகுது. நர்ஸுங்க பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றேன்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "அண்ணிக்கும் அப்படித்தான்" என்றான். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உங்களை நம்பித்தானே அங்கே சேர்த்தேன் என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தான். மாரியாத்தா, இந்த ஒரு பெண்ணை விட்டுவிடு, இனி என் பெருமையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று மனசுக்குள் கதறினேன்.

வெளியே கார்கள் ஹாரன் அடித்தன. வாசல் தடுப்புக் கட்டையைத் தூக்க ஆளில்லாமல் சாலை வரைக்கும் வரிசை நின்றது. என்னைத் தேடிக்கொண்டு கைலியோடு இறங்கி வந்த வாசு, எங்கள் முகத்தைப் பார்த்தார். பட்டன் பக்கத்தில் போய் நின்று கட்டையைத் தூக்கி ஒவ்வொரு காராக உள்ளே விட ஆரம்பித்தார்.

"நல்லா கேட்டு போடுறீங்க அங்கிள்!" என்று ஒரு காரிலிருந்து ஒருவன் சிரித்தான்.

"நாப்பது வருஷ சர்வீஸ் பாஸ். போங்க, போங்க" என்றார் வாசு.

நான் பிரிக்பீல்ட்ஸுக்குப் போன் போட்டேன். டாக்டர் ராதாகிருஷ்ணன் கிளினிக்கில் இருந்தார். நடந்ததை மூச்சு விடாமல் சொன்னேன். "கல்பனா என்னைத் தூக்கி வெளியே போட்டுட்டா டாக்டர்! நான் சொல்றதக் கேக்கவே இல்ல. நீங்க அந்த ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போடுங்க. இப்பவே போடுங்க!"

"மிஸ்ஸி, ஒரு நிமிஷம்" என்றார். "நீங்க அந்த ரூம்ல நிக்கிறீங்க. ரத்தம் போய்க்கிட்டு இருக்கு. அப்ப ஒரு சொந்தக்காரம்மா போன்ல மூணு பாஷையில கத்துறாங்க. நீங்க என்ன செய்வீங்க?"

"தள்ளி விட்டுக் கதவைச் சாத்துவேன்" என்றேன்.

"நான் இப்பப் போன் போட்டா, வேலை செய்ற கை ஒண்ணு போனை எடுக்கணும். அது வேணாம்" என்றார். "காத்திருங்க. நானும் காத்திருக்கேன்."

சொந்தக்காரி வேஷம் எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். அன்றுதான் நிஜமாகவே அந்தக் கதவுக்கு வெளியே நின்றேன். கையில் வேலை இல்லாமல் நிற்பது இவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. உள்ளே என்ன நடக்கும் என்பது எனக்கு வரிசையாகத் தெரியும். கர்ப்பப்பையைத் தேய்த்துக் கொடுப்பார்கள். ஊசி, சொட்டு மருந்து. சிறுநீர்ப்பையைக் காலி செய்வார்கள். நிற்கவில்லை என்றால் பலூன். இதெல்லாம் ஞாபகம் இருக்குமா? கை நடுங்காமல் செய்வாளா? போன வருடம் நாங்கள் போகவே இல்லையே. பிளேன் ஏறியதும் மறந்துவிடுவார்கள் என்று புஷ்பவல்லி சொன்னது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

புஷ்பவல்லியின் காரும் அந்த வரிசையில்தான் வந்தது. வாசு கேட்டு போடுவதைப் பார்த்து ஏதோ கிண்டல் செய்ய வாயைத் திறந்தவள், லோகாவைப் பார்த்ததும் காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள். நான் சொன்னேன். காரில் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி வந்திருந்த தே தாரிக்கை எடுத்து லோகாவின் கையில் வைத்தாள். அவன் குடிக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தான்.

வெயில் இறங்கிவிட்டது. பள்ளிக்கூட வேன்கள் எல்லாம் வந்து போய்விட்டன. அப்போது போன் அடித்தது.

லோகா எடுக்கப் பயந்து என்னைப் பார்த்தான். "எடுடா" என்று தமிழில் அதட்டினேன். எடுத்தான்.

சுஷ்மா. முகம் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது. கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் ஏதோ மெதுவாகச் சொன்னாள். லோகா அந்தப் போனை முகத்தோடு வைத்து அழுத்திக்கொண்டு, பெரிய குரலில் அழுதான். நான் போண்டோக் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். புஷ்பவல்லி என் தோளைப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள்.

"என்ன சொல்றா?" என்று வாசு கேட்டார்.

"தாகமா இருக்குதாம். பொண்ணுக்கு என் மூக்காம்" என்றான் லோகா.

பிறகு அந்தப் பக்கம் யாரோ அவனிடம் நேப்பாளியில் கேட்டார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை என் பக்கம் திருப்பினான். "சத்தம் போட்டது யாருன்னு கேக்கறாங்க மேடம்."

முகக்கவசம் இல்லாத முகம் திரையில் இருந்தது. கல்பனா இல்லை. வட்ட முகம், சின்னப் பெண். நான் ஒரு நாளும் பார்த்திராத முகம்.

"நான்தான் கத்தினேன்" என்றேன்.

"மன்னிச்சுக்கங்க மேடம். நான் ரோஷ்னி. உங்களை வெளியே இருக்கச் சொன்னது நான்தான். ரத்தம் போகும்போது சொந்தக்காரங்களை உள்ளே வச்சுக்க மாட்டோம். அது எங்க ஆஸ்பத்திரி வழக்கம்" என்றாள். பிறகு, நான் கேட்காமலே, என்ன செய்தார்கள் என்று ஒழுங்காகச் சொன்னாள். மருந்தில் நிற்கவில்லை, பலூன் வைத்தோம், நின்றுவிட்டது, விரிப்பை வைத்து இழப்பைக் கணக்குப் போட்டு ரத்தம் ஏற்றுகிறோம், மணிக்கணக்கில் கூடவே இருந்து பார்ப்போம். அவ்வளவும் என் வரிசை. ஒன்றுகூட இடம் மாறவில்லை.

"இதெல்லாம் உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"கல்பனா திதி. எங்க எல்லாருக்கும் அக்கா மாதிரி. நான் போன வருஷம்தான் இங்க வந்தேன். பயிற்சியில அவங்கதான் சத்தம் போடற சொந்தக்காரியா நடிப்பாங்க. பயங்கரமா கத்துவாங்க. தள்ளி விட்டாதான் பாஸ்" என்று சிரித்தாள். கொஞ்சம் யோசித்து, "ஆனா நீங்க அவங்களைவிட நல்லா கத்துறீங்க மேடம்" என்றாள்.

"கல்பனா எங்க இப்ப?"

"பக்கத்து மாவட்டத்துல சொல்லிக் குடுக்கப் போயிருக்காங்க. ரெண்டு மாசம் ஆகும் வர."

"கல்பனாவுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

அவள் தோளைக் குலுக்கினாள். "தெரியல மேடம். யாரோ வந்து போனாங்களாம். நான் கேட்டதில்ல."

வாசு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடமாக என்னைத் தெரிந்த மனுஷர். இப்போது இவள் ஆரம்பிப்பாள், கிள்ளான், பாத்தேக் கைலி, எறும்பு, எல்லாவற்றையும் கொட்டுவாள் என்று அவருக்குத் தெரியும். நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டதும் உண்மை. ஆனால் அந்தப் பெண்ணின் பின்னால் கட்டிலில் சுஷ்மாவின் கை அசைந்தது. ரோஷ்னியின் பார்வை உடனே அங்கே போய்விட்டது.

"போம்மா. உன் நோயாளியப் பாரு" என்றேன். அவள் வணக்கம்கூடச் சொல்லாமல் போனைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"உங்க பிள்ளைகள்ல ஒருத்தியா மேடம்?" என்று லோகா கேட்டான்.

"இல்ல. அவ யாருன்னே எனக்குத் தெரியாது" என்றேன். சொல்லும்போதே நெஞ்சு விம்மியது. என் கையால் பிறந்த ஒரு குழந்தைக்கும், வாங்கிய ஒரு பதக்கத்துக்கும், எனக்கு அந்த மாதிரிப் பெருமை வந்ததில்லை. படியிலிருந்து எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, பிரிக்பீல்ட்ஸுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க!" என்று வரிசையில் நின்ற அத்தனை காருக்கும் கேட்கும்படி கத்தினேன். "டாக்டர், அங்க யாருக்கும் நம்மளத் தெரியல!"